மூன்று நொடி முகம்

மூன்று கொட்டேஷன் வந்தது.
தில்லிக்காரனுடையது ஒன்று எழுபது கிலோ,
மும்முனை மின்சாரம் கேட்கும்.
பணகுடிக்கு மேற்கே எங்கள் சுடுதளத்துக்கு
மின்கம்பி வந்து நின்றுபோன இடம் ஒரு பம்புசெட்டு.
கோயம்புத்தூர்க்காரனுடையது காற்று உருளையில் திரும்பும்,
அழகுதான், கதவை அறைந்து சாத்துகிற மாதிரி.
உருளை தீர்ந்தால் நாகர்கோவிலுக்கு வண்டி அனுப்பவேண்டும்.
மூன்றாவது, மேலப்பாளையம் மன்சூர்
பரோட்டா கட்டின தாளின் பின்புறம் வரைந்து தந்தது:
பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி,
சதுரக் குழாயில் மடக்குக் கால்,
ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் ஐந்து அடங்கும்.
"ஓராள் தூக்கிரலாமா பாய்?"
"ஏட்டம்மா தூக்குவீங்கன்னுதான எடையக் கொறச்சேன்."

வாங்குகிறவர்கள் எல்லோரும் திரும்பும் வேகத்தைக் கேட்கிறார்கள்.
நான் அவன் பட்டறையில் குத்தவைத்து
திரும்பின பிறகு அது நடுங்குகிறதா என்று பார்த்தேன்.
நடுங்கினால் சுடுகிறவன் தன் கையை மன்னித்துவிடுவான்.

மூன்று நொடி முகம்.
ஏழு நொடி விளிம்பு.
முகம் என்றால் தோள்வரை ஓர் ஆள், கண் கிடையாது.
விளிம்பு என்றால் ஒரு கோடு,
இரண்டு பனைக்கு நடுவே நின்றவனை
யாரோ உருவி எடுத்துக்கொண்டதுபோல.

மோட்டாரை முழங்கால் ஆழக் குழியில் இறக்கினேன்.
முன்னால் மணல்மூட்டை இரண்டு வரிசை.
வயரை ஓரமாகவே கொண்டுவந்தேன், நடக்கிற தடத்தில் குறுக்கே விடவில்லை.
துப்பாக்கி அத்தனையும் காலி என்று
என் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்டை ஒட்டப் போனேன்.
அங்கிருந்து பார்த்தால் சுடுகிறவர்கள்
இருபத்தைந்து மீட்டரில் சின்னச் சின்னதாக இருக்கிறார்கள்,
முகம் காட்டியபடியே.

ஆடி மூன்றாம் வாரம்.
கணவாய்க்குள் தலையை நுழைத்த காற்று
காற்றாலைகளை எல்லாம் அதட்டிவிட்டு
எங்கள் பக்கம் வந்தது.
ஐந்தாவது சுற்று, விளிம்பு நேரம்.
என் கட்டைவிரல் பொத்தானில் இல்லை.
அட்டைகள் ஐந்தும் ஒருசேரத் திரும்பி
இந்தா இருக்கோம் என்றன.

நான்கு துப்பாக்கி வெடித்தது.
ஐந்தாவது தடத்தில் பரமகல்யாணி
குழலைத் தரை பார்த்துச் சாய்த்தபடி நின்றாள்.
வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

"கை மரத்துப்போச்சாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"இல்லைங்கய்யா, மோட்டார் சத்தம் கேக்கல.
அவன் திரும்பலய்யா.
காத்து திருப்பிட்டு."

யாரும் சிரிக்கவில்லை.
பம்புசெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எருமை
வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.
இரண்டாம் தடம் இன்ஸ்பெக்டருடையது.
ஓட்டைகளை எண்ணினேன்: நெஞ்சில் மூன்று,
ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.
அத்தனை நல்ல குறி.

சாயங்காலம் மன்சூருக்குப் போன் போட்டேன்.
"பாய், ஒரு தாழ்ப்பாள் வைக்கணும்."
"எதுக்கும்மா?"
"காத்துக்கு."
கொஞ்ச நேரம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது.
"சைக்கிள் ஆரக்கம்பி போதும்,
பல்சக்கரத்துல சொருகிரலாம்" என்றான்.
அதுவரைக்கும் அட்டையின் மூலைகளில்
காற்று போய்வர வழி வெட்டினேன்,
தோளுக்கு வெளியே, உடம்பைத் தொடாமல்.

பதிவேட்டில் குறை என்ற கட்டத்தில் எழுதினேன்:
காற்றடித்தால் தானே திரும்புகிறது.
நான்கு பேர் சுட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் படித்தார்.
இரண்டாம் வரியின்மேல் ஸ்கேல் வைத்து
ஒரு கோடு இழுத்தார்,
கையெழுத்துப் போட்டார்.

மெல்லிய கோடுதான்.
நேராகப் பிடித்துப் பார்த்தால்
அடியில் இருப்பது தெரிகிறது.