வீட்டில் உள்ளோர் விபரம்

வலையைக் கிழித்த கோபத்தில்
கடலுக்கே எறியப் பார்த்தாராம் எமில் அண்ணன்.
நான் கேட்டுவைத்த ஞாபகம் வந்து
ஈரச்சாக்கில் சுற்றி
நெடுந்தீவுக்கு அங்காலிருந்து
குருநகருக்குக் கொண்டுவந்தார் அந்தக் கல்லை.
அவர் வீட்டு பிரிட்ஜுக்குக் காஸ் அடித்துக் கொடுத்தேன்.
கணக்குச் சரி.

நாலடிக் கண்ணாடித் தொட்டி.
இரண்டு கோமாளி மீன், ஆறு நத்தை,
இப்போது ஒரு கல்.
"வெறுங்கல்லுக்கோ உந்தப் பாடு?" என்றாள் கௌசலா.
வெறுங்கல்தான்,
பகலில்.

பட்டம் கட்டி மிஞ்சிய சிவப்புத் தாளை
டோர்ச்சின் வாயில் றப்பர் போட்டு இறுக்கினாள் மகள்.
சிவப்பு வெளிச்சம் அவைக்குத் தெரியாதாம்.
கறன்ட் போன மூன்றாம் இரவு
குந்தியிருந்து பார்த்தோம்.

துளையிலிருந்து ஒரு கை,
கோடு போட்டது.
பிறகு இன்னொன்று. உடம்பைக் காட்டவேயில்லை.
மயிர்க்கொட்டியைக் கடலில் ஊறப்போட்டதுபோல் ஒரு புழு,
சாண் நீளம்;
அதைத் தொட்ட விரலை
இரண்டு நாள் வினாகிரியில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.
மிளகாய் விதையளவு வெள்ளை நட்சத்திரங்கள்,
ஒன்றுக்கு ஆறு கால், பக்கத்திலிருந்ததுக்கு நாலு.
கண்ணாடி நிறத்தில் ஒரு பூ,
பிடுங்கப் பிடுங்கப் பத்தாகும்.
கடலிலும் பார்த்தீனியம் இருக்கிறது.

சீ.ஆர். கொப்பியில் கோடு கீறினேன்:
பெயர். கால்கள். ஒளிக்கும் இடம்.
நல்லதா, கெட்டதா.
கடைசிப் பத்தியில் பேனை ஓடவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
பள்ளிக்கூட மைதானத்தில் வெய்யிலில் வரிசை.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு,
சாக்கில் இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராய் முன்னால் போய் நிற்கவேண்டும்.
சாக்கு ஆடினால் ஒரு பக்கம்,
ஆடாவிட்டால் மறுபக்கம்.
என் முறை வந்தபோது அது கொஞ்சம் யோசித்தது.
அந்த யோசனை
இன்னும் முடியவில்லை.

டிக்.

"பல்லி சொல்லுது" என்றாள் கௌசலா.
தம்பியின் விசாவை நினைத்த நேரமாம்.
அடுத்த இரவும், டிக்,
கிழக்குப் பக்கமாம், நல்ல பலனாம்.
நான்காம் நாள் விடிய
இரண்டு நத்தை ஓடு உடைந்து கிடந்தது,
தேங்காய்ச் சிரட்டை மாதிரி, நடுவால்.
கண்ணாடியில் காதை வைத்தேன்.
பல்லி கல்லுக்குள் இருந்தது.

இரவு இரண்டு மணி.
பெருவிரல் மொத்தத் துளையின் வாசலில்
இரண்டு கண்,
தண்டு வைத்தவை.
ஒன்று என் முகத்தில் நின்றது,
மற்றது டோர்ச் பிடித்த கையை அளந்தது.
கும்பிட்டபடி மடித்த கைகள்.
அந்தக் கும்பிடால்தான் ஓடு உடைப்பது.
சிவப்பு அதுக்குத் தெரியும் போலிருந்தது.
கல்லை வெளியே எடுத்து
நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் போதும்,
சீவன் முடிந்துவிடும்.
வாளியும் பக்கத்தில்தான்.
நான் தலையை ஆட்டாமல்
வெகுநேரம் இருந்தேன்.
கால் விறைத்துப்போனது.

மிச்ச நாலு நத்தையையும் மீன்களையும்
பழைய தொட்டிக்கு மாற்றினோம்.
ஒரு கல்லுக்கு நாலடி வீடு.
"வாடகை ஆர் தாறது?" என்று ஏசினாலும்
சந்தையால் வரும்போது
இரண்டு மட்டி கூடுதலாய் வாங்குகிறாள் கௌசலா.

நேற்று விதானையார் வந்தார், பதிவு புதுப்பிக்க.
கதிரையில் இருந்து பேனையைத் திறந்து
"வீட்டிலை எத்தினை பேர்?"
"மூண்டு பேர்" என்றேன்.
"வேறை ஒருத்தரும் வந்து தங்கேல்லையோ?"
"இல்லை."

டிக்.

"பாருங்கோ, பல்லியும் சொல்லுது,
உண்மைதான்" என்று சிரித்தபடி
மூன்று என்று எழுதினார்.
மகள் குசினிக்குள் ஓடினாள்.