விட்டுவைத்த வெள்ளை

ஜூலை பதினெட்டு, மாலை நாலரை.
சஸ்காச்சுவானில் பெயரில்லாத ஒரு சரளைச் சாலை.
காரின் முன்மூடி மேல் பலகை,
பலகை மேல் ஈரக் காகிதம்,
நாலு மூலைக்கும் ஒட்டுநாடா.
மேற்கே கருக்கல் கட்டி இருபது நிமிடம் ஆகிறது.
இன்னும் இருபது தரும் என்று கணக்கு.

கணக்குதான் என் பிழைப்பும்.
ஆலங்கட்டிக் காப்பீட்டில் சேதம் எண்ணுகிறவள்.
நூறு தண்டில் எத்தனை ஒடிந்தது,
எத்தனை உரிந்தது, எத்தனை பிழைக்கும்.
மழை போன பின்புதான் எப்போதும் வருவேன்.
இன்று முந்திக்கொண்டேன்,
யாரும் அனுப்பாமல்.

நீலத்தில் கொஞ்சம் செங்காவி விட்டால்
இரண்டும் ஒன்றையொன்று தின்று சாம்பலாகும்.
பலகையைச் சற்றே சாய்த்தேன்,
மேகம் தானே இறங்கிவந்தது.
அதன் அடிவயிற்றில் ஒரு பச்சை:
அடிபட்ட தோலில் நாலாம் நாள் தெரியுமே, அது.
அந்தப் பச்சை தெரிந்தால் கல் விழும்
என்பார்கள் இந்தப் பக்கம்.
டப்பாவில் அது இல்லை.
பூத்துக்கிடந்த கனோலாவின் மஞ்சளில் ஒரு சொட்டு எடுத்து
நீலத்தின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன்.
ஏறக்குறைய.

இந்த வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக இல்லை.
வேண்டிய இடத்தைத் தொடாமல் விடவேண்டும்.
தூரத்துத் தானியக் கொட்டகையின் தகரக்கூரை
கடைசி வெயிலில் பளிச்சென்று நின்றது.
அதற்காக ஒரு நகக்கண் அளவு
காகிதத்தைக் காகிதமாகவே விட்டேன்.

ஒரெஸ்ட் பிலிப்சுக்கின் டிரக் வந்து நின்றது.
எஞ்சினை அணைக்காமல் இறங்கினார்.
"வீட்டுக்குப் போ ஹல்யா" என்றவர்
வானத்தைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்.
"இதில் என் வயல் எங்கே?"
காட்டினேன்.
அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு.
"அறுநூற்று நாற்பது ஏக்கர்" என்றார்,
மூன்று விரலை அதன்மேல் படாமல் வைத்து அளந்து.
பிறகு,
"கல் போட்டிருக்கிறாயா?"
"இல்லை."
"போடாதே."

முதல் துளி நேராகக் கருநீலத்தில் விழுந்தது.
விழுந்த இடம் வெளுத்து, விளிம்பு சுருண்டு,
காலிஃபிளவர்போல் விரிந்தது.
இரண்டாவது துளி துளியாக இல்லை.
டிரக்கின் கண்ணாடியில் துள்ளிப் போனது.

உள்ளே ஓடினோம்.
படம் அவர் மடியில்.
விளிம்புவரை சூப் நிறைந்த தட்டை
ஏந்துகிறவர்போல் இரு கையாலும் பிடித்திருந்தார்.
கூரைமேல் கோலிக்குண்டு மூட்டையை அவிழ்த்துவிட்ட சத்தம்.
பேசினால் கேட்காது. பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு வருட உழைப்பு
படுத்துக்கொண்டிருந்தது.
அவர் தலை நிமிரவில்லை.
மடியிலிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது காய்ந்துகொண்டிருந்தது.
பதினோரு நிமிடம்.

நின்றதும் கதவைத் திறந்தார்.
நசுங்கிய இலையின் வாசம்,
பச்சை முட்டைக்கோஸை அரிந்த மாதிரி.
சாலையெல்லாம் வெள்ளை.
நான் விட்டுவைத்ததைவிட எவ்வளவோ அதிகம்.

பத்து நாள் பொறுத்துத்தான் எண்ணவேண்டும், அது விதி.
ஒடிந்த தண்டு சிலது பக்கத்தில் தளிர்க்கும்.
பத்தாம் நாள் சேற்றில் முழங்காலிட்டு எண்ணினேன்.
அவர் பின்னாலேயே நின்று
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார்.
நூற்றுக்கு அறுபத்து மூன்று.
எனக்கும் அதே.
தகராறு இல்லை.

கையெழுத்துப் போடக் குனிந்தவர்
பேனாவை நிறுத்திக் கேட்டார்:
"படத்தில் எவ்வளவு?"
காருக்குப் போய் எடுத்துவந்தேன்.
கூரைக்கென்று விட்ட வெள்ளையில்
கருநீலம் கொஞ்சம் கசிந்திருந்தது.
வயலில் ஒன்றுமில்லை.
"பூஜ்யம்" என்றேன்.
"அதைத் தனி ஃபாரத்தில் எழுது" என்றார்,
சிரிக்காமல்,
தேதி போடும் இடத்தில்
தன் பெயரை எழுதிக்கொண்டே.