டோக்கன் எண் நாற்பத்தொன்று

பையை இங்கே வை.
பூட்டியிருக்கிறாயா என்று கேட்கமாட்டேன்.
ஜனவரியில் ரீகாவுக்கு வருகிறவர்களிடம்
திருட என்ன இருக்கும்,
நனைந்த காலுறைகளைத் தவிர?
இந்த மாதம் நீ நாற்பத்தோராவது ஆள்.
ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம்,
அதற்கும் ஈ இல்லை.

உன் பேருந்து இரவு எட்டுக்கு.
இப்போது மணி பதினொன்று.
வெளிச்சம் நாலு மணிக்கு முன்னாலேயே
கடையைச் சாத்திவிடும்,
அதனால் கேள்.

கோபுரத்தில் ஏறாதே.
எல்லோரும் ஏறச் சொல்வார்கள்.
காசு கொடுத்து மேகத்தின் அடிவயிற்றைப் பார்த்து இறங்குவாய்.
அதே மேகம் கீழே இலவசம்.

அதோ வளைந்த கூரைகள், அது சந்தை.
ஒரு காலத்தில்
ஆகாயக் கப்பல்களை நிறுத்திய கொட்டகைகளின் முதுகு.
இப்போது அடியில் முட்டைக்கோஸ் புளிக்கிறது.
மீன் கூடத்தில் மூன்றாவது வரிசை, வெல்டா.
சிரிக்கமாட்டாள், கோபமில்லை.
விடியுமுன்பே பனிக்கட்டிக்குள் கைவைத்தவளுக்கு
முகம் கடைசியாகத்தான் உருகும்.
புகையூட்டிய ஒன்றைத் தூக்கிக் காட்டுவாள்,
விலாங்கு மாதிரி, விலாங்கு அல்ல.
கால் கிலோ வாங்கு.
கறுப்பு ரொட்டியோடு நின்றபடியே தின்னு.
ட்ஸின்ட்ரா அனுப்பினாள் என்று மட்டும் சொல்லிவிடாதே,
எங்களுக்குள் எட்டு வருஷமாகப் பேச்சில்லை.
ஆனால் மீன் நல்ல மீன்.

முகங்கள் செதுக்கிய வீடுகளைப் பார்க்கவேண்டும் என்பாய்.
பார்.
வாய் பிளந்த கல் பெண்கள், கல் சிங்கங்கள்,
எல்லோருக்கும் மூக்கு ஒழுகி உறைந்து தொங்கும்,
நம்மைப் போலவே.
நேர் கீழே நிற்காதே.
மார்ச்சில்தான் விழும்,
சிலசமயம் அதற்கு முன்பும்.

பல் தந்தியடித்தால் டிராமில் ஏறு.
இடப்பக்கம் நாலாவது இருக்கையின் அடியில் சூடு வரும்.
அங்கே ஒரு கிழவர் இருப்பார். தினமும் இருப்பார்.
வீட்டைச் சூடேற்றுவதைவிட மாதச் சீட்டு மலிவு.
அவருக்குப் பின்னால் உட்கார்,
மிச்சம் உனக்கு.

மூன்றரைக்குக் கல் பாலத்தின் நடுவில் இரு.
இதைத் தவறவிடாதே.
ஆறு உறைந்திருக்கும்,
அதாவது உறைந்ததுபோல் பாவனை செய்யும்.
அதன்மேல் பெட்டி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.
ஆளுக்கொரு துளை, ஆளுக்கொரு குட்டித் தூண்டில்.
வீட்டில் பேசாததை
அங்கேயும் பேசாமலிருக்கப் போனவர்கள்.

போன பிப்ரவரியில் ஒரு துண்டு பிய்ந்துகொண்டு போனது.
அதில் மூன்று பேர், ஒரு நாய்.
ஒருவர் என் இல்க்வார்ஸ்.
இதே மேசையில் போன் அடித்தது.
“பாலத்தடியில் போய்க்கொண்டிருக்கிறேன்,
கடல் பக்கம்.
அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை” என்றார்.

படகு போய்க் கொண்டுவந்தது.
அபராதம் நான் கட்டினேன்.
அவர் பையில் விரல் நீளத்தில் மூன்று மீன்.
திட்டிக்கொண்டே பொரித்தேன்.
ருசியாகத்தான் இருந்தது.

இனிமேல் இல்லை என்று சத்தியம் செய்தார்.
இந்தக் குளிர்காலம் தினமும் நூலகத்துக்குப் போகிறாராம்.
நூலகத்திலிருந்து வருகிறவர் காலணியில்
தெரு உப்பு இருக்கும், சரி.
செதில் இருக்குமா?

சிவப்புத் தொப்பி, உச்சியில் மஞ்சள் குஞ்சம்.
நான் பின்னியது.
எவ்வளவு தூரத்திலும் தெரியவேண்டும் என்றே
அந்த நிறம் எடுத்தேன்.
பார்த்தால் கூப்பிடாதே, கை காட்டாதே.
சட்டென்று எழுந்துவிடுவார்,
கனமான மனிதர்.

என்னிடமும் எதுவும் சொல்லவேண்டாம்.
தொப்பி இல்லையென்றால்
டோக்கனை எண் தெரிகிறமாதிரி வை.
இருந்தால் கவிழ்த்து வை.
பையை எடுத்துத் தருவேன்,
இரண்டுக்கும் ஒரே கட்டணம்.

நில், கையுறை இல்லாமலா கிளம்பினாய்?
இதைப் போட்டுக்கொள்,
யார் யாரோ மறந்துபோனவை.
இரண்டுமே இடக்கைக்கானவை.
பரவாயில்லை,
கை காட்டவா போகிறாய்.