இரண்டரை நொடி

மூடிப்போன விடுதியின் கூரையிலிருந்து
மூன்றரை மீட்டர்க் கிண்ணத்தை இறக்கியபோது
உள்ளே பத்து வருடத்து இலைச்சருகு,
ஒரு டென்னிஸ் பந்து,
காக்கை ஒன்றின் முழு எலும்புக்கூடு.
இலவசம் என்றார்கள்.
தூக்கிக்கொண்டு போனால் போதும், அவ்வளவே.

உருளைக்கிழங்கு வண்டியில் கட்டி
பிர்ஷாய் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு வந்தோம்.
வழிமறித்த போலீஸ்காரர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.
"எதற்கு இது?"
"நிலாவுக்கு" என்றான் ஜிக்மாஸ்.
ஊதச் சொல்லிக் கருவியை நீட்டினார்.

கிண்ணம் கிடைப்பது எளிது.
அதைத் திருப்புவதுதான் பாடு.
நிலா யாருக்காகவும் நிற்காது.
இடவலமாய் ஒரு மோட்டார், மேல்கீழாய் ஒரு மோட்டார்
என்று தாளில் வரைந்துவிடலாம்.
ஜிக்மாஸின் பழைய இரும்புக் கிடங்கில் இருந்ததோ
பாரந்தூக்கியின் இடுப்பு வளையம்,
பேருந்தில் கழற்றிய வைப்பர் மோட்டார்,
மாட்டுக்கொட்டிலில் சாணி இழுத்த சங்கிலி,
எதிர்ப்பாரத்துக்கு
ஜிம்காரர்கள் கழித்துப்போட்ட எடைத்தட்டுகள்.
ஒவ்வொன்றுக்கும் வேறு அளவில் போல்ட்.
ஒன்றை மற்றொன்றுக்குச் சம்மதிக்க வைப்பதற்குள்
குளிர்காலம் முடிந்துவிட்டது.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
மயிரிழை இடம் இருந்தே தீரும்.
இல்லாவிட்டால் சக்கரம் இறுகும்.
இருந்தாலோ கிண்ணம் காற்றில் தலையாட்டும்,
கேட்காத கேள்விக்கு ஆமாம் போடுகிறவனைப் போல.
அந்த ஆட்டத்தை அடக்க
பக்கவாட்டில் கயிறு கட்டி
ஒரு வாளி மணலைத் தொங்கவிட்டேன்.
பார்க்க அசிங்கம்தான்.
ஆட்டம் நின்றது.

பகலில் சூரியனை வைத்துக் குறி பார்த்தேன்.
குவியத்தில் நிற்கும் காப்பித் தகரத்தின் நிழல்
கிண்ணத்தின் நட்டநடுவில் விழுந்தால் சரி.
விழாது. நகர்த்துவேன்.
மோட்டார் முக்கும், நிற்கும், முக்கும்.
அடுத்த வீட்டு ஷிவிலே
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்த்து
பகலில் தூங்குகிறவள்.
மூன்றாம் நாள் தலையணையோடு வந்து வேலியோரம் நின்றாள்.
வாய் திறக்கவில்லை.
தலையணை எல்லாவற்றையும் சொன்னது.

அதற்குப் பிறகு வேலை இரவில் மட்டும்.

முதல் இரவே
எல்லை விசையை மாட்ட மறந்து தூங்கிப்போனேன்.
நிலா இறங்கிய பின்னும் விடாமல்
மண்ணுக்குள் துரத்திப் போகப் பார்த்திருக்கிறது.
விடிந்து பார்த்தால்
விளிம்பு பூசணிப் பாத்தியில் புதைந்து,
கேபிள்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டு,
ப்யூஸ் மட்டும் நேரம் பார்த்துச் செத்திருந்தது.
ஜிக்மாஸ் வந்தான்.
சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.
கடப்பாரையை எடுத்துவரப் போனான்.

செப்டம்பரில் ஒரு வியாழன், அதிகாலை மூன்று மணி.
புல்லெல்லாம் நனைந்து கிடந்தது.
மோர்ஸ் சாவியை அழுத்தி ஒரே ஒரு கோடு.
விரலை எடுத்தேன்.
காதில் இரைச்சல்,
தகரக் கூரையில் தவிடு கொட்டுகிற மாதிரி.
அதற்கும் அடியில்
என் கோடு.
இளைத்து, லேசாக நடுங்கி,
போனபோது இருந்த சுருதியில் இல்லாமல்.

விளக்கைப் பார்த்து ஷிவிலே வந்தாள்,
விடுப்பு நாளிலும் இரவில் தூக்கம் வராதவள்.
இரவு உடைமேல் மழைக்கோட்டு.
ஒரு பக்க ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன்.
"என்ன சொன்னாய் அதனிடம்?"
"என் அழைப்புக்குறி."
"அப்படியென்றால்?"
"பேர் மாதிரி."
"உன் பேரை நீயே கேட்கவா இத்தனை இரும்பு?"

நான் பதில் யோசிப்பதற்குள்
சாவியில் விரலை வைத்து அழுத்திவிட்டாள்.
கோடும் இல்லை, புள்ளியும் இல்லை,
எந்த அட்டவணையிலும் சேராத ஒரு நீளம்.
சட்டப்படி தப்பு, உரிமம் என் பேரில் இருக்கிறது.
கையைத் தட்டிவிட நேரம் இருந்தது.
தட்டவில்லை.

ஆளுக்கொரு காதில் தவிடு கொட்ட
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
வெளியே வைப்பர் மோட்டார் ஒருமுறை முக்கி
கிண்ணத்தை ஒரு பல் நகர்த்தியது.