வதியாதோர்

மூன்றாம் மாடியில் ஹீட்டர் முனகும் அறை.
கிஷினாவில் உட்கார்ந்துகொண்டு
நாட்டின் வரவையும் பற்றையும்
கூட்டிக் கழிப்பது என் வேலை.
திராட்சை மது போனது, எரிவாயு வந்தது:
அதற்கெல்லாம் லாரி, குழாய், ரசீது உண்டு.
சென்மதி நிலுவையில் மல்லுக்கு நிற்பது ஒரே வரி,
மனிதர் மனிதருக்கு அனுப்பியது.

விதி இதுதான்.
ஓராண்டுக்குள் என்றால்
அயலூரில் உழைத்தாலும் அவள் நம்மவள்,
அவள் கூலி நம் கூலி.
ஓராண்டு தாண்டினால்
வதியாதோர்.
அதே இருநூற்றைம்பது யூரோ
சில வரி கீழே இறங்கி உட்காரும்,
தனியார் மாற்றல் என்ற பெயரில்.
பதிலுக்கு ஏதும் தராமல் பெறுவது
என்று கையேட்டில் விளக்கம்.

அக்லயா பாதுவாவுக்குப் போனது பிப்ரவரி ஒன்பது.
படுக்கையாய்க் கிடந்த ஒரு சீமாட்டிக்குக்
கஞ்சி ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க.
மறு பிப்ரவரி பத்தாம் தேதி
யாரிடமும் சொல்லாமல்
என் மனைவியை இடம் மாற்றினேன்.
(மாற்றினேன் என்பதே பெருமைக்குத்தான்;
அந்த மதிப்பீட்டில் அவள் ஒரு தசமம்கூட இல்லை.)

அதிலும் அவள் வங்கியை நம்புவதில்லை.
ஹரலாம்பியேயின் மினிபஸ்ஸில்
காபி டப்பா வரும்,
பொடிக்கு அடியில் நோட்டுகள்.
திரும்பும் வண்டியில் நான் ஏற்றுவது
உப்பில் ஊறிய வெள்ளரி இரண்டு ஜாடி,
முன்பல் விழுந்த பையனின் போட்டோ.
இதெல்லாம் எங்கே பதிவாகும்?
கடைசி வரியில்:
தவறுகளும் விடுபாடுகளும்.
ஆண்டுக்கு ஆண்டு அது உப்பிக்கொண்டே போகிறது.
"ஏன் இவ்வளவு பெரிசு, ஸ்டெலியான்?"
இயக்குநர் கேட்கிறார்,
அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே.

போன ஞாயிறு டப்பா வரவில்லை.
துண்டுச் சீட்டு மட்டும்.
சீமாட்டி செத்துப்போனாள்,
மகன் வீட்டைப் பூட்டிவிட்டான்,
கட்டில் வாடகை வாரம் அறுபது.
வருகிறேன் என்று எழுதவில்லை.
வா என்று நானும் சொல்லியனுப்பவில்லை.

இன்று மதியம் வங்கியில் வரிசை.
வாங்கத்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண்
இரண்டு முறை கேட்டாள்:
"அனுப்பவா? இங்கிருந்து அங்கேயா?"

படிவம் எங்கள் துறையுடையது,
ஐந்தாம் கட்டம் நானே வரைந்தது.
நோக்கம்: குடும்பச் செலவு.
பெறுபவர் உறவு: மனைவி.
பெறுபவர் நிலை: வதிவோர் / வதியாதோர்,
பொருந்தாததை அடிக்கவும்.

பேனாவைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.
இழுத்துத்தான் எழுத வேண்டியிருந்தது.
பின்னால் யாரோ இருமினார்.
சரியானதைத்தான் அடித்தேன்,
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

நூற்றெண்பது யூரோ, கட்டணம் தனி.
அடியில் கார்பன் நழுவியிருக்க வேண்டும்;
என் பிரதியில் அந்தக் கோடு
ஒரு வரி மேலே
மனைவி மேல் விழுந்திருந்தது.

"வேறு படிவம் தரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
தொகை சரியாக இருந்தது.