ஒன்பதாவது கை

தந்தி வந்த மத்தியானம்
பலவான்குடி முகப்பில் பங்கா இழுக்கிற பையன் தூங்கிப்போயிருந்தான்.
மு.சித. விலாசத்தார் மூன்று பேரும்
வியர்வையோடே படித்தார்கள்:
அக்கரைச் சட்டசபையில் எட்டுக்கு எட்டு.
ஒன்பதாவது கை நம்முடையது.

லேவாதேவிக்காரருக்கென்று கவர்னர் போட்ட ஒற்றை நாற்காலி.
அதில் நம் பங்காளி ஆவிச்சி,
கழுத்துப் பட்டன் வரை போட்ட கோட்டில் வெந்துகொண்டிருந்தார்.

முகத்துவாரத்தில் படகு மறித்த நாற்பத்தொரு பேருக்கு
துப்பாக்கியை ஒப்படைத்தால் மன்னிப்பு.
இதுதான் மசோதா.
கவர்னருக்கு வேட்டைச் செலவு தாளவில்லை.
ஆலைக்காரருக்கு நெல் படகு நேரத்துக்கு வர வேண்டும்.
பாதிரியார் ஆத்துமாக் கணக்கில் கை தூக்கினார்.
எதிர்த்த எட்டில்
மூவர் தூக்குத்தான் என்றவர்கள்.
மிச்சம் ஐவர் இன்னும் விலை சொல்லாதவர்கள்.

நமக்கு விலையை அவர்களே சொன்னார்கள்.
வட்டிக்கு உச்சவரம்பு கட்டும் சட்டம்
ஒரு தவணைக்கு மேசைக்கே வராது.

ஒரே ஒரு தொந்தரவு.
அந்த நாற்பத்தொரு பேர் வெட்டியதில்
நம் கடை மேலாள் சாத்தையாவும் ஒருவர்.
சபையில் எவனாவது எழுந்து
"உம்ம ஆளைக் கொன்றவனுக்கா உம்ம கை?" என்றால்
காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

காகிதத்தை நான் கொண்டுபோனேன்.
அடுத்தாள் நான், அதே படகில் இருந்தவன்.
வலது கையில் மூன்று விரல்தான் என்பதால்
இந்தக் காரியத்துக்குப் பொருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாங்கட்டில் உண்ணாமலை ஆச்சி
சிறுவாட்டுச் சிட்டையை மூடிவிட்டு வாங்கிப் படித்தாள்.
'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரியில்
விரல் நின்றது.

"வட்டிச் சட்டம் வந்தா
கடைக்கு வருஷத்துக்கு எவ்வளவு நட்டம்?"

உப்புத் தண்ணீரில் அவர் கிடந்த கிடையைச் சொல்ல
வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.
"அறுபதாயிரம் இருக்கும் ஆச்சி."

"மூணு வருஷத் தவணைக்கு லட்சத்து எம்பது.
பேரேட்டுல அவுக பக்கம் இருக்கா?"

இருந்தது.
முன்பணம் வாங்கியதில் பாக்கி நாற்பத்தேழு ரூபாயை
வாராக்கடன் என்று எழுதி
அடிக்கோடு போட்டிருந்தோம்.
போட்டவன் நான்.

"அந்தப் பக்கத்தைத் திறங்க.
சட்டசபையில அவுக சம்பாரிச்சதை
அவுக பேர்ல வரவு வைங்க.
உசிரோட இருந்தப்ப
இம்புட்டு லாபம் ஒரு வருஷமும் காட்டலை."

முகப்பில் போய்ச் சொன்னேன்.
நடுவிலவர் சிரித்தார்.
பெரியவர் சிரிக்கவில்லை, பங்கா பையனை எழுப்பி வெளியே அனுப்பினார்.
மூன்று நாள் பேரம்.
அக்கரையிலிருந்து தினம் ஒரு தந்தி, தினம் ஒரு வார்த்தை:
கையெழுத்து. கையெழுத்து. கையெழுத்து.
பத்தில் ஒன்றுக்கு, பதினெட்டாயிரத்துக்கு
ஆச்சி இறங்கி வந்தாள்.

பிள்ளையார் சுழி போட்டேன்.
எந்த வகையில் வரவு என்று எழுதும் இடத்தில்
பேனா நின்றுவிட்டது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
'மன்னிப்பு வகையில்' என்று எழுதி மணலைத் தூவினேன்.

அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள்.
கையெழுத்தை வாங்கிக்கொண்டு நான் நிலைப்படி தாண்டிய பிறகு
சிட்டையைத் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஆவிச்சியின் கை உயர்ந்தது.
வலது கையாம். ஐந்து விரலும் விரித்து.

அடுத்த தவணைக்கு நான் கப்பலேறினேன்.
துறைமுகத்தில், புதுக் காக்கி இன்னும் மடிப்புக் கலையாத ஒருவன்
பெட்டியைத் திறக்கச் சொன்னான்.
என் கையைப் பார்த்தான்.
உதடு அசைய விரல்களை எண்ணினான்.
எண்ணிக்கை அவனுக்குச் சரியாக இருந்தது.

"இது என்ன?"
"பேரேடு. கணக்கு."

தீர்வை இல்லை என்று
பெட்டிமேல் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து
போகச் சொன்னான்.