ஒன்பதாம் தளத்தில் முலாம்பழம்

கப்பல் விடுமுறை எப்படி இருந்தது என்று
கேட்கிறாள் தெசான்கா,
படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே.
கோட்டோரில் யாரும் இதைச் சும்மா கேட்பதில்லை.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை
என் சமையலறைச் சன்னலில் மலை கிடையாது.
காலை எட்டுக்கு ஒரு கப்பல் வந்து நிற்கும்,
பதினான்கு மாடி வெள்ளைச் சுவர்.
நான்கு மணிக்கு அது நகரும்போது
வெயில் மலைக்குப் பின்னால் போயிருக்கும்.
நடுவில் காய வேண்டியவை
விடுதிக்காரர்களின் விரிப்புகள், நாற்பது ஐம்பது,
தலையணை உறைகள் தனி.
ஈரத்தோடு மடித்தால் நாறும்.
அதனால் கப்பல்களைத் திட்டக் கற்றேன்.
திட்டுவதில் இந்தத் தெருவில் எனக்கு நல்ல பெயர்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு டிக்கெட்.
இரண்டு கோடைக்குச் சலவைக் கூலி பாக்கி வைத்த
விடுதிக்காரர் பெரிஷா
காசுக்குப் பதில் அதை நீட்டினார்.
யாரோடு போக எண்ணியிருந்தாரோ
அவள் போய்விட்டாளாம், வேறு யாரோடோ.
எங்கள் குடும்பத்தில் அதுவரை கப்பலேறியது
கொழுந்தன் சீட்டாடித் தோற்ற வருஷத்தில்
மானம் மட்டும்தான்.
போய்த் தின்றுவிட்டு வா என்றார் வுக்சான்.
ட்ரியெஸ்தே வரை பேருந்து. முதுகு போயிற்று.

சரி, சொல்கிறேன்.
தூங்கினேன், தெசான்கா.
பன்னிரண்டு மணி நேரம், செத்த மாதிரி.
விழித்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்,
படுக்கை விரிக்க.
என் படுக்கையை.
சட்டையில் ரொடேலியோ என்று எழுதியிருந்தது.

மறுநாள் முந்திக்கொண்டு நானே விரித்து வைத்தேன்,
மூலை மடிப்பு கத்தி போல.
அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
உருவிப்போட்டு முதலிலிருந்து விரித்தான்.
மூன்று நாள் நடந்தது இந்தப் போர்.
நான்காம் நாள் துண்டில் ஒரு யானை செய்து
தலையணைமேல் உட்கார வைத்திருந்தான்.
சரணடைந்தேன்.
சலவை எங்கே நடக்கிறது என்று கேட்டேன்.
விரலால் தரையைக் காட்டினான்,
இன்னும் கீழே, இன்னும் கீழே.
அங்கே சன்னல் உண்டா?
சிரித்தான். நல்ல பையன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே.
கடல் நடுவில் உறைந்த மீன்!
ஆனால் முலாம்பழம்,
தோல் சீவி, விதை எடுத்து,
கேட்கும்போதெல்லாம்.

ஐந்தாம் நாள் ஒரு தீவு. பெயர் வாயில் நிற்கவில்லை.
மார்பில் எண் ஒட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள்.
எனக்குக் கால் வீக்கம்.
ஒன்பதாம் தளத்துப் பால்கனியில் தட்டோடு உட்கார்ந்தேன்.
எதிரே சரிவில் ஒரு வீடு,
மொட்டைமாடியில் கொடி,
கொடியில் ஈரப் போர்வைகள்,
அவற்றின்மேல் எங்கள் நிழல்.
ஒரு பெண், வாயில் இரண்டு கிளிப்,
நிமிர்ந்து பார்த்தாள்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள்.
கவிழாத கப்பலில் உட்கார்ந்திருப்பவள்
கையை எங்கே வைப்பது என்று யாரும் சொன்னதில்லை.
அசைத்தேன்.
அவள் அசைக்கவில்லை.
சரிதான். நானும் ஒருபோதும் அசைத்ததில்லை.
வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு
என்ன திட்டினாளோ, எனக்குக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பாதி
என் வார்த்தைகளாக இருந்திருக்கும்.

பழத்தைத் தின்று முடித்தேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
இனித்தது.

தெசான்காவுக்கு மூச்சு திரும்பிவிட்டது.
நல்லதா கெட்டதா, ஒன்றைச் சொல் என்கிறாள்,
அடுத்த வருஷம் அவளும் மகளும்
காசு சேர்த்து...
வெளியே ஊதுகிறது இன்றைய கப்பல்.
விரிப்பைத் தொட்டுப் பார்க்கிறேன்,
ஓரம் இன்னும் ஈரம்.

போ, என்கிறேன்.
சன்னல் இல்லாத அறையாகப் பார்த்து எடு.
விலை குறைவு.